கற்கக் கூசாத தாய்



ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. ஜப்பானியரிடத்தில் இதற்கு எதிர்முகமான ஒரு வழக்கு இருக்கிறது. வயது ஏறிய பின்பு ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்கத் துணிந்தால், அதை "அறுபதில் எழுத்துப் பழகுதல்" என்று அவர்கள் சொல்லுவார்கள். நம் பழமொழி, பிள்ளைகளைச் சிறு வயதிலேயே திருத்துங்கள் என்று பெற்றோரை எச்சரிக்கிறது. அவர்களுடைய வழக்கோ, காலம் கடந்துவிட்டது என்று பெரியவர்கள் சாக்குச் சொல்ல இடம் கொடுப்பதில்லை. இவ்விரண்டில் எது மெய்? இந்தக் கேள்வியை ஆகாயத்தில் வைத்து விசாரியாமல், ஆங்கிலம் கற்கும் ஒரு ஜப்பானியத் தாயின் அன்றாட வாழ்க்கையை முன்னே வைத்துக்கொண்டு விசாரிப்போம்.

ஒரு நடுத்தர நகரத்தில் நாற்பது வயதுள்ள ஒரு தாயை மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டியதில்லை; இவளைப் போன்றவர்கள் அந்நாட்டில் அநேகர். விடியுமுன் எழுந்து சோறு வடித்து, சோயா விழுதில் சாறு காய்ச்சுகிறாள். கணவனுக்கும் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் மகனுக்கும் "பெந்தோ" என்னும் மதிய உணவுப் பெட்டியை நிரப்புகிறாள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகளுக்குப் பள்ளியிலேயே சாப்பாடு. ஒவ்வொருவரும் வாசலில் நின்று "இத்தெகிமாஸ்" என்று சொல்லிப் புறப்படுகிறார்கள். அச்சொல்லுக்கு "போய் வருகிறேன்" என்றே பொருள். நாமும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது வெறுமனே "போகிறேன்" என்று சொல்ல மாட்டோம் அல்லவா? திரும்பி வருவேன் என்ற வாக்கையும் சேர்த்தே சொல்லுகிறோம். ஜப்பானியரும் அப்படியே. ஆங்கிலத்தில் இதற்குச் சரியான சொல் இல்லை. ஆகையால் இத்தாய் படும் சங்கடத்தைத் தமிழர்களாகிய நாம் எளிதில் அறிந்துகொள்ளலாம். வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் பழக்கமும் அவர்களுக்கும் நமக்கும் பொதுவானதே. ஆங்கிலம் பேச வேண்டுமானால் இரு சாராரும் மனதில் உள்ள வாக்கியத்தைப் புரட்டிப் போடவேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் போன பின்பு துணி துவைத்து மாடத்தில் உலர்த்துகிறாள். பகலில் ஒரு கடையில் சில மணி நேரம் வேலை. மாலையில் காய்கறி வாங்கி, குளிக்க வெந்நீர் வைத்து, இராச் சாப்பாடு சமைக்கிறாள். எல்லாரும் படுத்த பிறகு சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மாதந்தோறும் கடையில் வாங்கும் மெல்லிய பாடப் புத்தகத்தை விரிக்கிறாள். வானொலியில் 15 நிமிட ஆங்கிலப் பாடம். தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்ளாதபடி காதில் கருவியை மாட்டிக்கொண்டு, உதடு மாத்திரம் அசையத் திருப்பிச் சொல்லுகிறாள். வாரத்தில் ஒரு நாள், "கோமின்கான்" என்று வழங்கும் ஊர்ப் பொது மண்டபத்தில் அவளைப் போன்ற சிலர் கூடிப் பேசிப் பழகுகிறார்கள்.

எதற்காக இந்தப் பாடு? 2020 ஆம் ஆண்டு முதல் ஜப்பானில் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் ஒரு பாடமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. மகள் ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள்; தாய்க்குத் தன் பள்ளி நாட்களில் அரைகுறையாய் விட்ட பாடம் நினைவுக்கு வந்தது. தொடக்கம் அவ்வளவுதான்.

கற்பதோ எளிதல்ல. ஜப்பானிய மொழியில் ரகரத்துக்கும் லகரத்துக்கும் சேர்த்து ஒரே ஒலி. அரிசியைக் குறிக்கும் "ரைஸ்" என்ற சொல்லும், பேன்களைக் குறிக்கும் "லைஸ்" என்ற சொல்லும் அவள் காதில் ஒன்றுபோலவே விழுகின்றன. ஆறு முதல் எட்டு மாதமுள்ள ஜப்பானியக் குழந்தைகள் இந்த வேற்றுமையைக் கேட்டு அறிகின்றன என்றும், ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறன் மங்கத் தொடங்குகிறது என்றும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். அதாவது, ஐந்து வயதுக்கு முன்னரே காது வளைந்து முடிந்துவிடுகிறது! ஆயினும் பொறுமையாகப் பயிற்சி பெற்ற பெரியவர்கள் அதில் ஒரு பங்கைத் திரும்பப் பெறலாம் என்பதும் சோதனைகளில் கண்ட உண்மையே.

இன்னொரு கஷ்டம் இதைவிட ஆழமானது. ஜப்பானிய மொழியில் "நான்" என்ற சொல்லைப் பெரும்பாலும் விட்டுவிட்டே பேசுவார்கள். வீட்டில் கணவனும் அவளை "அம்மா" என்றே கூப்பிடுவது அங்கே சாதாரணம். அக்கம்பக்கத்தில் அவள் இன்னாருடைய தாய். ஆங்கிலமோ "நான்" என்று தொடங்காமல் அவளைப் பேச விடாது. வகுப்பில் முதல் நாளே, "உன் பெயர் என்ன? உனக்கு எது பிரியம்?" என்று கேட்கிறார்கள். மகனுக்குப் பிரியமானது அவளுக்குத் தெரியும். மகளுக்குப் பிரியமானதும் தெரியும். தனக்கு எது பிரியம் என்று சொல்ல அவள் சற்று நேரம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலச் சொல் தெரியாத தயக்கம் மாத்திரம் அல்ல அது.

ஒரு நாள் மாலை அவள் பாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தன் நாட்டு வழக்கப்படி "மிருகு" என்று படிக்கிறாள். பள்ளியில் அயல்நாட்டு உதவியாசிரியரின் பேச்சைக் கேட்டுப் பழகிய மகள் கலகலவென்று சிரித்துவிடுகிறாள். "அப்படி இல்லை, அம்மா!" என்கிறாள். தாயின் முகம் சிவக்கிறது. அந்தக் கணத்தில் அவளுக்கு இரண்டு வழிகள் உண்டு. "பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்காதே" என்று அதட்டிப் புத்தகத்தை மூடிவிடலாம். அல்லது, "எங்கே, நீ சொல்லிக் காட்டு" என்று கேட்கலாம். எது சரி?

இங்கே சிலர் மூன்று ஆட்சேபங்களைச் சொல்லக்கூடும்.

முதலாவது: தாயின் நேரம் குடும்பத்துக்குச் சொந்தம்; தனக்கென்று அதில் ஒரு பங்கு எடுப்பது திருட்டுக்குச் சமானம் அல்லவா? கணக்கைப் பார்ப்போம். 2021 ஆம் ஆண்டு ஜப்பான் அரசாங்கம் எடுத்த கணிப்பின்படி, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகளில் மனைவி வீட்டு வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்குமாக ஒரு நாளில் செலவிட்ட நேரம் சராசரி 7 மணி 28 நிமிடம். கணவன் செலவிட்டது 1 மணி 54 நிமிடம். நம் கதையின் தாய்க்குப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். என்றாலும் இவ்வழக்கம் பிள்ளைகள் வளர்ந்தவுடன் மாறிவிடுவதில்லை. இப்படிப்பட்ட வீட்டில் 15 நிமிடத்தை யார் யாரிடமிருந்து திருடுகிறார்கள்? அவள் தன் தூக்கத்திலிருந்து அல்லவா எடுக்கிறாள்? நோயாளியைக் கவனியாமல் விட்டு, அல்லது அயல் வீட்டுக்காரியை மிஞ்சவேண்டும் என்ற வீம்பினால் ஒருத்தி படித்தால், அது குற்றம்தான். ஆனால் குற்றம் அந்த அசட்டையிலும் வீம்பிலும் இருக்கிறதேயன்றிப் படிப்பில் இல்லை.

பெண்கள் ஒளிந்து கற்பது அந்நாட்டில் புதிதும் அல்ல. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, "கெஞ்சியின் கதை" எழுதிய முராசாகி ஷிகிபு என்னும் மாது தன் நாட்குறிப்பில் இப்படிச் சொல்லுகிறாள்: அவள் சகோதரன் சீன மொழி படிக்கும்போது அவள் பக்கத்திலிருந்து கேட்டு, அவனுக்கு முன்பாகவே கற்றுக்கொண்டாளாம். தகப்பனார் அதைக் கண்டு, இவள் ஆணாய்ப் பிறக்கவில்லையே என்று வருந்தினாராம். பிற்காலத்தில் அவள் மகாராணிக்கே சீனக் கவிதைகளைப் பிறர் அறியாமல் கற்பித்தாள். கல்வி திருட்டாகத் தோன்றினால், அதை ஒளித்துச் செய்யும்படி வைத்தவர்களிடத்திலும் குற்றத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது: பிள்ளைக்கு முன்பாகத் திக்கித் திணறினால் தாயின் மதிப்புக் குறையாதா? ஜப்பானியர் வெட்கத்துக்கு மிகவும் அஞ்சுகிறவர்கள். ஆயினும் அவர்களே, "கேட்பது ஒரு கணத்து வெட்கம், கேளாதிருப்பது ஆயுள் முழுதும் வெட்கம்" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். தாய்க்குள்ள மதிப்பு அவள் எல்லாம் அறிந்தவள் என்பதினால் வந்ததா? அப்படியானால் மகள் தாயைவிட அதிகம் படித்த நாளில் அது ஒழிந்துபோகும். அன்பினாலும் உண்மையினாலும் வந்த மதிப்பு, ஒரு சொல்லைத் தப்பாய் உச்சரித்ததினால் குறையாது. அன்றியும், தவறினால் திருத்திக்கொண்டு மறுபடி முயல வேண்டும் என்று தாய் நூறு முறை சொல்லியிருப்பாள். இப்போது மகள் அதைக் கண்ணால் காண்கிறாள்.

ஜப்பானில் வானொலி ஆங்கிலப் பாடம் 1925 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. யுத்த காலத்தில் ஆங்கிலம் பகைவரின் மொழி என்று வெறுக்கப்பட்டது. யுத்தம் முடிந்த பின், 1946 பிப்ரவரி 1 ஆம் தேதி, ஹிராகாவா தாதாயிச்சி என்பவர் ஒரு புதிய பாடத்தை ஆரம்பித்தார். நாட்டுக் குழந்தைப் பாட்டு ஒன்றின் மெட்டில் ஆங்கிலச் சொற்களை அமைத்துப் பாடச் செய்து, வீட்டில் நடக்கும் சாதாரணப் பேச்சுகளையே பாடமாக வைத்தார். அரைப் பட்டினியாய் இருந்த வீடுகளில் பெரியவர்களும் பிள்ளைகளும் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து பாடினார்கள். குழந்தை பேசக் கற்பதுபோல், கேட்டதைக் கூசாமல் திருப்பிச் சொல்லுங்கள் என்பதே அவர் போதனை. அவர் இதைச் சொல்லத் தகுந்தவர். வாலிப வயதில் அமெரிக்காவுக்குப் போய் இருப்புப் பாதைக் கூலியாய் உழைத்து, அதன் பின் தொடக்கப் பள்ளியில் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தவர் அவர்.

நமக்கு நெருங்கிய சாட்சி ஒருவரும் இருக்கிறார். முத்துக்குளித்துறையில் நம் முன்னோரிடத்தில் தமிழ் கேட்டு, அவர்கள் உதவியால் செபங்களைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்த அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார், 1549 ஆம் ஆண்டு ஜப்பானில் கரையிறங்கும்போது அவருக்கு வயது 43. பாரீஸ் பட்டணத்தில் பெரிய படிப்புப் படித்தவர். ஆனால் ககோஷிமாவிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில், பாஷை தெரியாமல் அம்மக்கள் நடுவில் தாங்கள் சிலைகளைப்போல் நிற்பதாகவும், இனிச் சிறு பிள்ளைகளைப்போல் ஆகிக் கற்கவேண்டியிருப்பதாகவும் ஒளியாமல் ஒப்புக்கொள்கிறார். அவருடைய மகிமை அதனால் குறைந்ததா?

மூன்றாவது: இதனால் என்ன பிரயோசனம்? நாற்பதில் தொடங்கியவள் ஆங்கிலேயரைப்போல் பேசப்போகிறாளா, உத்தியோகம் பார்க்கப்போகிறாளா? ஒருவேளை இரண்டும் இல்லாமல் போகலாம். ஆனால் பிரயோசனம் என்பது கூலியும் பட்டமும் மாத்திரம் அல்லவே. வழி தெரியாமல் நிற்கும் ஓர் அந்நியனுக்கு நான்கு சொல்லால் வழி காட்டலாம். பிள்ளையின் பாடம் அவளுக்கு மூடிய கதவாய் இராது. யாதொரு பயனும் வெளியில் தெரியாவிட்டாலும், தனக்கு எது பிரியம் என்று தடுமாறாமல் சொல்ல அவள் கற்றுக்கொள்கிறாள். பிறருக்காகவே உழைக்கும் தாயும் ஓர் ஆள். தனக்கென்று புத்தியும் மனதும் உள்ளவள். அந்த ஆளே தன்னைக் குடும்பத்துக்குக் கொடுக்கிறாள். தன்னை முற்றும் மறந்துபோனவள் எதைக் கொடுப்பாள்?

ஆகையால் முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். இரண்டு வாக்கும் மெய்யே. காது ஐந்துக்கு முன்பே வளைந்துவிடுகிறது. அந்தப் பேச்சு ஒருபோதும் முழுதும் செம்மைப்படாது. ஆனால் மனம், வெட்கத்தை விழுங்க இசைந்தால், நாற்பதிலும் அறுபதிலும் வளையும். நாம் பெரும்பாலும் வயதின்மேல் போடும் பழி, உண்மையில் நம் கூச்சத்தின்மேல் போடவேண்டிய பழி.

ஆனால் இந்தப் பாரம் முழுவதையும் தாயின் தலைமேலேயே வைப்பது நியாயம் அல்ல. அவளுடைய தைரியம் பாதி. வீட்டார் நடந்துகொள்ளும் விதம் பாதி. சிரித்த மகள் சிரிப்பை நிறுத்தி இரண்டு முறை சொல்லிக் காட்டினால், அந்தச் சொல் தாய்க்கு வந்துவிடும். கணவன் எழுந்து பாத்திரங்களைக் கழுவி வைத்தால், நடு இரவுப் பாடம் ஒன்பது மணிக்கே நடக்கும். அவளுக்குத் தூக்கமும் மிஞ்சும். உங்கள் வீட்டிலும் வயது சென்ற ஒருவர் கடிதத்தையோ புத்தகத்தையோ எழுத்துக் கூட்டிப் படிக்கக் கண்டால், அவசரப்பட்டு அதைக் கையிலிருந்து வாங்கிப் படித்துவிடாதிருங்கள். அவர் அந்த வரியை முடிக்கும் வரையில் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

உங்கள் பங்குக் குரு