மீக்காலின் பலகணி

போத்தனூருக்கு வருமுன் நாம் பணியாற்றிய ஒரு சிற்றூர்ப் பங்கில், திருவிழாவிற்கு முந்திய கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தேர்ப்பவனிக்கு எந்த மேளம் வைப்பது என்பது கேள்வி. பேண்டு வாத்தியம் வேண்டும் என்றனர் சிலர். நாதசுரமும் தவிலும் போதும் என்றனர் வேறு சிலர். பக்கத்து ஊர்த் தப்பட்டைக்காரர்களை அழைக்கலாமே என்று ஓர் இளைஞர் எழுந்து சொன்னார். உடனே மூத்தவர் ஒருவர், "அது சாவுக்கு அடிக்கறதுங்க சாமி, கோயலுக்கு ஆகாதுங்க" என்றார். எவரும் மறுக்கவில்லை. நாமும் மறுக்கவில்லை. எல்லாருக்கும் மனம் கோணாதிருக்க ஒரு நடுவழி கண்டோம்: தப்பட்டை தெருவில் முழங்கட்டும், கோவில் வாயிலோடு நின்றுகொள்ளட்டும்.

திருவிழா இரவில் அறுவர் வந்தனர். வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டித் தட்டிப் பதம் பார்த்தனர். இடக்கையில் மெல்லிய சிண்டுக்குச்சி, வலக்கையில் தடித்த அடிக்குச்சி. தெருவெங்கும் முழக்கம் எழுந்தது, குழந்தைகள் ஆடினர், வேண்டாம் என்ற பெரியவரின் காலும் தாளம் போட்டதை நாம் கண்டோம். தேர் உள்ளே வந்தது. அறுவரும் வாயிலில் நின்றுவிட்டனர். அவர்களுள் வயதில் மூத்தவர் நம்மை அணுகி, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார்: "சாமி, மோளம் வெளியவே இருந்துட்டுப் போவுதுங்க. நாங்க மட்டும் உள்ளார வந்து கும்பிட்டுக்கலாமுங்களா?"

அவர்கள் கிறித்தவர் அல்லர். ஆயினும் நம் கோவிலின் கதவு எவருக்கும் அடைக்கப்பட்டதில்லை. மேளத்தைத்தான் நாம் நிறுத்தினோம். மனிதரை நிறுத்தவில்லை என்று எண்ணியிருந்தோம். அவர்களோ அந்த இரண்டையும் ஒன்றாகவே புரிந்துகொண்டனர். அவர்கள் புரிந்துகொண்டதே சரி என்பதை ஒப்புக்கொள்ள நமக்குச் சில நாள்கள் பிடித்தன.

ஓசைக்கு மேல் கீழ் உண்டா? இறைவனுக்கு உகந்த இசை, உகவாத இசை என்று ஒரு பிரிவினை இருக்கிறதா? இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. திருச்சபையின் பெரியோரே இதில் தயங்கியிருக்கின்றனர். புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் இத்தயக்கத்தை மறைக்காமல் எழுதுகிறார். மிலான் நகர்க் கோவிலில் பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர் அவர். பாடப்படும் பொருளைவிடப் பாடும் முறையே தம்மை ஈர்க்கும்போது தாம் தவறுவதாகவும் அவர் அஞ்சினார். வழிபாட்டில் இசை, பணியாளாக இருக்க வேண்டுமேயன்றித் தலைவியாகிவிடக் கூடாது என்னும் இக்கவலை நேர்மையான கவலை. அதனை நாம் இழந்துவிடலாகாது.

1903-ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று, இசைக்கலைஞரின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளில், திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் கோவில் இசை குறித்து ஓர் ஆணை வெளியிட்டார். அன்றைய இத்தாலியக் கோவில்களில் நாடக அரங்கின் பாணி புகுந்துவிட்டதைத் திருத்துவதே அவர் நோக்கம். அதில் முரசும் கைத்தாளமும் விலக்கப்பட்டன. பியானோவும் விலக்கப்பட்டது. பெண்கள் பாடகர் குழுவில் இடம்பெறவும் அது இசையவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, 1963-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு வேறொரு கதவைத் திறந்தது. மறைபரப்பு நாடுகளில் வாழும் மக்களுக்குத் தமக்கே உரிய இசை மரபுகள் உண்டு. அவற்றிற்கு உரிய மதிப்பும் தகுந்த இடமும் அளிக்கப்பட வேண்டும் என்றது. வழிபாட்டிற்கு ஏற்றதாய், ஆலயத்தின் மாண்புக்கு இசைந்ததாய், நம்பிக்கையாளரை உண்மையாகவே உயர்த்துவதாய் இருந்தால் பிற கருவிகளையும் ஏற்கலாம் என்றது.

இதன்பின் நம் பங்குகளில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1903-இல் விலக்கப்பட்ட பியானோவின் பேரப்பிள்ளையாகிய கீபோர்டு, இன்று ஏறத்தாழ எல்லாக் கோவில்களிலும் பீடத்தருகே வீற்றிருக்கிறது. அதனை உள்ளே விடலாமா என்று எந்தப் பங்குக் கூட்டமும் வாதிடவில்லை. பெண்கள் பாடாத பாடகர் குழுவை இன்று காண்பதே அரிது. அதே ஆணையில் அதே காரணத்திற்காக விலக்கப்பட்ட முரசுக்கு மட்டும் இன்றும் கூட்டம் கூடி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே தடை ஆணையிலிருந்து வரவில்லை; வேறெங்கிருந்தோ வருகிறது.

தோல் தீட்டு என்று சிலர் சொல்வர். மிருதங்கமும் தோலால் ஆனதுதான். பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்கள் அதில் சேர்கின்றன. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களை உருவாக்கிய பர்லாந்து போன்றோர், தஞ்சைப் பகுதியின் தலித் கிறித்தவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வரலாற்றை டி.எம்.கிருஷ்ணா 2020-இல் ஒரு நூலாகவே எழுதினார். நூலின் தலைப்பே 'செபாஸ்டியனும் மைந்தரும்' என்னும் பொருளுடையது. தோலைப் பதப்படுத்திய கை ஒன்று, வாசித்த கை வேறொன்று என்றால் அக்கருவி மேடையேறுகிறது. பதப்படுத்திய கையே அடிக்கவும் செய்தால் அது வாயிலில் நிற்கிறது. தீட்டு தோலில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பழந்தமிழர்க்கு இந்த அருவருப்பு இருந்ததாகவும் தெரியவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம், பறவை, யாழ் என்பவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. பறைதல் என்றால் சொல்லுதல். பறை ஒரு சொல், ஒரு குரல்.

விவிலியத்தில் ஒரு பலகணி இருக்கிறது. உடன்படிக்கைப் பேழை எருசலேமுக்கு வந்தபோது தாவீது அரசர் ஆண்டவர் திருமுன் தம் முழு வலிமையோடு ஆடினார். சவுலின் மகள் மீக்கால் பலகணி வழியே அதைக் கண்டு, அவரைத் தன் உள்ளத்தில் இகழ்ந்தாள். அவளது குற்றச்சாட்டைக் கூர்ந்து படித்தால் ஆட்டம் பிழை என்பதன்று அவள் சொல்வது. பணியாளர்களின் பணிப்பெண்கள் பார்க்கும்படி ஆடினீரே என்பதே. அவளை உறுத்தியது ஓசையன்று, உடனிருந்த மனிதர். தாவீதின் மறுமொழியும் அவ்விடத்தையே தொடுகிறது: அந்தப் பணிப்பெண்களிடமே தாம் பெருமை பெறுவதாக அவர் கூறுகிறார். நம் பங்குக் கூட்டத்தில் அன்று நாம் அமர்ந்திருந்த இடம் அந்தப் பலகணிதான்.

இப்பலகணி நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கியூபா தீவை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சாந்தியாகோ பேராலயத்தில் எஸ்தேபான் சாலாஸ் 1764 முதல் இசைத் தலைவராக இருந்து அழகிய திருவழிபாட்டு இசை படைத்தார். அதே தீவின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் தம் முரசுகளை அடித்துக்கொண்டிருந்தனர். அம்முரசுகள் அஞ்சப்பட்டன, இகழப்பட்டன, பலமுறை தடை செய்யப்பட்டன. அவை இல்லாத இடத்தில் துறைமுகத் தொழிலாளர் சரக்குப் பெட்டிகளைத் தட்டியே தாளமிட்டனர். இசுபானியரின் கம்பிக் கருவியும் ஆப்பிரிக்கரின் தாளமும் கலந்து 'சோன்' பிறந்தது. துறைமுகத்து ஏழைகளின் முற்றங்களில் 'ரும்பா' வளர்ந்தது. அந்த ரும்பாவை 2016-இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. உலகம் கியூபா இசை என்று இன்று கொண்டாடுவதன் பெரும்பகுதி, ஒரு காலத்தில் வாயிலில் நிறுத்தப்பட்டவர்களின் கொடை.

நம் கொங்கு நாட்டின் செல்வமும் இதற்குக் குறைந்ததன்று. துடும்பும் உருமியும் பம்பையும் கொம்பும் தாரையும் தப்பட்டையும் முழங்கும் மண் இது. உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடப்படும் அண்ணன்மார் கதையைக் கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் ஒலிப்பதிவு செய்தார். ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்பித்த பத்ரப்பன் கோவை மாவட்டத்தவர்; 2024-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மேற்கே மலையேறினால் அட்டப்பாடி. அங்குள்ள இருளர் இனத்து நஞ்சியம்மா, ஆடு மாடு மேய்த்துப் பாடிய தம் தாய்மொழிப் பாட்டைத் திரைப்படத்தில் பாடி, 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதைப் பெற்றார். முறையாக இசை பயிலாதவருக்கு இவ்விருதா என்று அப்போதும் ஒரு பலகணியிலிருந்து குரல் வந்தது. நம் போத்தனூரோ 1862-இல் இருப்புப்பாதை வந்து தொட்ட ஊர். இரயில்வேக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிதாரையும் வயலினையும் கிறிஸ்து பிறப்புக் கீதங்களையும் இங்கே வாழவைத்தனர். அவர்களுள் பலர் கடல் கடந்து சென்றுவிட்டனர். அந்தக் கிதார் மட்டும் தமிழ் இளைஞரின் தோளில் இன்னும் தொங்குகிறது. எங்கிருந்து வந்தது என்று கேளாமல் எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் இசை உயிரோடிருக்கிறது.

இத்தோடு முடித்தால் கட்டுரை இனிதாக முடியும். ஆனால் நடந்தது அவ்வளவு எளிதன்று.

அடுத்த ஆண்டு தப்பட்டை கோவிலுக்குள் வந்தது. மூத்தவர் வாயிலில் இரு பக்கமும் பார்த்துவிட்டே உள்ளே அடியெடுத்து வைத்தார். நம் மனம் நிறைந்தது. நிறைந்த மனம் அளவு மீறியது. பண்பாட்டுமயமாக்கல் என்னும் பெரிய சொல்லை இறையியல் கல்லூரியில் கற்ற நாம், நம் பங்கு இளைஞர் ஒருவரை அழைத்தோம். அவர் பாட்டனார் ஊரில் தப்பட்டை அடித்தவர். "நீ கற்றுக்கொண்டு காணிக்கைப் பவனியில் அடிக்க வேண்டும்" என்றோம். அவர் தலைகுனிந்து நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "எங்க தாத்தன் வேண்டாமுன்னு கீழ வெச்சதுங்க சாமி. அத எதுக்குங்க மறுபடி எங்கையில குடுக்கறீங்க?"

நமக்கு விடை வரவில்லை. பிணத்தின் முன் அடிப்பது அந்தப் பாட்டனார் தேர்ந்துகொண்ட கலையன்று. ஊர் சுமத்திய கடமை. கூப்பிட்ட நேரத்தில் போக வேண்டும், கொடுத்த தானியத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், மறுத்தால் தண்டனை. எனவேதான் தமிழகத்தின் பல ஊர்களில் தலித் மக்கள் இனிச் சாவுக்குப் பறையடிப்பதில்லை என்று உறுதி பூண்டனர். அது கலையைக் கொன்ற செயலன்று. மனிதரை மீட்ட செயல். மறுபுறம், 1990-இல் திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் அதே பறையைத் தலைநிமிர்ந்து கையிலெடுத்தனர். 2025-இல் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கீழே வைத்தவரும் எடுத்துக்கொண்டவரும் ஒன்றையே செய்தனர்: தாமே முடிவெடுத்தனர். நாமோ, முதலில் வாயிலில் நிறுத்தியபோதும், பின்னர் கையில் திணித்தபோதும், அவர்களுக்காக நாமே முடிவெடுத்தோம். பலகணியை விட்டு இறங்கிவிட்டதாக எண்ணியிருந்தோம், இறங்கவில்லை.

ஆகவே, எந்த இசை இறைவனுக்கு உகந்தது என்ற கேள்விக்கு முன்பாக வேறொரு கேள்வி நிற்கிறது. அவ்விசையைத் தருபவர் விடுதலையோடு தருகிறாரா? கியூபாவின் முதிய பாடகர் இப்ராகிம் பெரேர், 1996-இல் அவானா நகரில் நடந்த புகழ்பெற்ற ஒலிப்பதிவுக்கு அழைக்கப்படும்முன் காலணிகளைத் துடைத்துப் பிழைத்துவந்தார். பாட்டை நினைவில் வைத்திருந்த ஊர் பாடியவரை மறந்திருந்தது. இறைவாக்கினர் ஆமோஸ் வழியாக ஆண்டவர் இதைத்தான் கடிந்துகொண்டார். பாடல்களின் இரைச்சலும் யாழிசையும் வேண்டாம் என்கிறார். நீதி வெள்ளமாய்ப் பாயட்டும் என்கிறார். அவர் வெறுத்தது யாழையன்று. நீதியற்றவர் கூட்டத்தில் யாழும் இரைச்சலாகிறது என்பதே அவர் கூற்று.

நம் தமிழகத் திருச்சபையில் கல்லறைத் தோட்டத்திற்குள்ளும் சாதிச் சுவர் எழுந்த வரலாறு உண்டு. அச்சுவரை வைத்துக்கொண்டு பீடத்தருகே பறை முழக்கினால், அது ஆமோஸ் கேட்ட இரைச்சலாகவே இருக்கும். அடுத்த திருவிழாக் கூட்டத்தில் எந்த மேளம் என்று பேசுமுன், அம்மேளக்காரருக்குப் பேண்டு வாத்தியக்காரருக்கு நிகரான கூலி உண்டா, அன்பின் விருந்தில் நம்மோடு ஒரே பந்தியில் இலை உண்டா, வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா என்று கேட்போம். இவற்றிற்கு விடை சொல்லிவிட்டால், எந்தக் கருவி என்பதை இளைஞர்களும் பாடகர் குழுவும் பார்த்துக்கொள்வர்.

அந்த இளைஞர் இன்று ஒரு நகரத்துப் பங்கில் கீபோர்டு வாசிக்கிறார். சென்ற ஆண்டு நம்மைக் காண வந்தார். பேச்சினிடையே அவர் விரல்கள் மேசைமீது தாமாகவே தாளமிட்டன. அது எந்தத் தாளம் என்று நமக்குத் தெரிந்தது. நாம் ஒன்றும் கேட்கவில்லை.