எவர் வீட்டுப் பிள்ளை?

“டீச்சர், இது எம் புள்ளையே இல்ல. ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க.”

ரிஷிவந்தியத்தில் யாம் ஆசிரியப் பணியாற்றிய 1980-களில், ஏழு வயதாகியும் பேச்சு வாராத ஒரு சிறுவனின் அன்னை கூறியது இது. அறியாமை என்றெண்ணி யாம் நகைத்தோம்.

இத்தகைய ஐயம் ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இருந்தது. வனதேவதைகள் தொட்டிலிலிருந்து மகவைக் கவர்ந்து, தம் இனத்து மகவொன்றைக் கிடத்திச் செல்லுமாம். நடவாத, பேசாத பிள்ளைகளையே பெரிதும் இவ்வாறு ஐயுற்றனர். தம் பிள்ளையை மீட்பதாக எண்ணி நெருப்பருகே வைத்தும் துன்புறுத்தினர். 1895-இல் அயர்லாந்தின் டிப்பரரியில், நோயுற்றிருந்த பிரிட்ஜெட் கிளியரி என்னும் பெண்ணை, ‘இவள் என் மனைவி அல்லள், தேவதைகள் விட்டுச்சென்ற உரு’ என்று நம்பிக் கணவனே எரித்தான். ‘அல்லள்’ என்றபோதே ஹிம்சை தொடங்கிவிட்டது.

நம் சீவக சிந்தாமணியிலோ மாற்றம் மெய்யாகவே நிகழ்கிறது. இறந்த தன் பிள்ளையைச் சுடுகாட்டிற்கு எடுத்துவந்த வணிகன் கந்துக்கடன், ஆங்கு விசயை ஈன்ற மகவைக் கண்டெடுக்கிறான். பிள்ளை இறக்கவில்லை என்று கூறி மனைவி சுநந்தையிடம் அளிக்கிறான். இப்பகுதியைப் பலமுறை கற்பித்தும், அவன் உரைத்தது பொய்யன்றோ என யாம் வினவியதில்லை. சத்திய விரதத்தின்படி பொய்யே. அன்றியும், தான் பெற்ற பிள்ளைக்காக அழும் உரிமையைச் சுநந்தை இழந்தாள். அது சிறிய இழப்பன்று. எனினும், பின்னர்த் தனக்குப் பிறந்த நந்தட்டனுக்குத் தமையனாகவே கந்துக்கடன் சீவகனை வளர்த்தான். ஆசிரியர் அச்சணந்தி பிறப்பு வரலாற்றை உணர்த்திய பின்னரும் அவ்வில்லம் சீவகனுக்கு அயலாகவில்லை. பொய் பொய்யாகவே நிற்க, வளர்ப்பு மெய்யாயிற்று.

பெற்ற பிள்ளையும் பிறிதோர் உயிரே என்பது அன்னியத்துவ பாவனை. பிள்ளையை ஒதுக்குவதற்கு அன்று, ‘எம்மைப் போலவே இரு’ என்று வற்புறுத்தாதிருத்தற்கே அதனைக் கொள்ளவேண்டும் என்பது எம் துணிபு.

ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் கற்றவர்தாம் யாம். ‘சமணர் என்றால் சேட்டு வீடா?’ என்று கேட்கப்பட்டு நொந்தவருந்தாம். ஆயினும் அச்சிறுவனைக் கடைசி வரிசையில் அமர்த்தினோம். வாசிப்பு முறை வருங்கால் அவன் பெயரைத் தாண்டிச் சென்றோம். அன்னை வாயாற் கூறியதை யாம் செயலாற் கூறினோம். அவனோ, மாலை மணி ஒலித்ததும், வாயிலில் நிற்கும் பெண்டிர் பலரிடையே தன் அன்னையின் முந்தானையை நோக்கியே நேராக ஓடுவான்.