அவை ஒழுங்கும் அஞ்சாமையும்

காரைக்கால் கடற்கரையின் மீனவ ஊர்களில் தொழில் வழக்குகளை ஊர்ப் பஞ்சாயத்தே கூடித் தீர்ப்பது நெடுநாள் மரபு. பலர் பேசுமிடத்தில் ஒழுங்கு வேண்டும்; மறுப்பாரில்லை. அவ்வொழுங்கின் எல்லை எது என்பதே நம் வினா.

சுருக்குமடி வலையை எடுத்துக்கொள்வோம். தமிழக அரசு 2000இல் அதைத் தடை செய்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரு நாள் மட்டும் இடைக்கால அனுமதி தந்தது. கடலுக்கு வேலி இல்லையாதலால் இவ்வழக்கு காரைக்காலையும் தொட்டது. கடன்பட்டு அவ்வலை வாங்கியவருக்கும், சிறுவலையோடு கரையோரம் செல்பவருக்கும் இது வயிற்றுப்பாடு. ஆகவே பேச்சில் சூடு இருக்கும். வசைமொழியைத் தடுப்பது தலைவரின் கடமை. மாற்றுக் கருத்தையே அபராதத்தாலும் ஊர்விலக்காலும் தடுப்பதோ அநீதி. வாய் மூடப்பட்டவர் மனம் மாறியவர் அல்லர். சபையில் முடியாத வழக்கு நடுக்கடலில் கைகலப்பாகும். மீன் விற்கும் பெண்களுக்கோ இச்சபைகளில் பெரும்பாலும் இடமே இல்லை.

திருக்குறளில் 'அவை அறித'லை அடுத்தே 'அவை அஞ்சாமை' வருகிறது. பேசுவோரிடம் அடக்கத்தை எதிர்பார்க்கும் சபை, அவர்தம் அச்சத்தை நீக்கவும் கடமைப்பட்டது. நம் பங்குப் பேரவைகளும் இதை எண்ணிப் பார்க்கட்டும்.