குணம் எங்கே உறைகிறது?

ஒரு பொருளின் பண்பு அதன் உறுப்புகளுக்கு உரியதா, உறுப்புகளிடையே நிலவும் உறவுக்கு உரியதா என்னும் பழைய வினாவுக்கு, 60 கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் இணைந்த ஃபுல்லரீன் நல்லதொரு சோதனைக் களமாகும். 1985இல் கண்டறியப்பட்ட இம்மூலக்கூறுக்குள் அணுக்களைப் பிணைப்பவை, எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வதால் அமையும் வலிய சகப்பிணைப்புகள். ஆயின் படிகத்தில் ஒரு மூலக்கூறை மற்றொன்றோடு சேர்த்து வைத்திருப்பவை, எலக்ட்ரான் பரவலின் கணநேர ஏற்றத்தாழ்வால் தோன்றும் வான் டெர் வால்ஸ் விசைகள் எனப்படும் மெல்லிய ஈர்ப்புகளே. ஆகவே அதே கார்பனாலான வைரம் பிற பொருள்களைக் கீறும் வன்மை கொண்டிருக்க, இப்படிகம் மென்மையாக இருப்பதோடு டொலுயீனில் ஊதா நிறமாகக் கரைகிறது. சூடாக்கினால் பதங்கமாகிறது, அதாவது உருகாமல் நேரே ஆவியாகிறது. அறை வெப்பநிலையில் உருண்டையான மூலக்கூறுகள் இருந்த இடத்திலேயே சுழன்றுகொண்டிருப்பதும், ஏறத்தாழ -13 பாகை செல்சியசுக்குக் கீழே அச்சுழற்சி கட்டுப்பட்டுப் படிக ஒழுங்கே மாறுவதும் இம்மெல்லிய விசைகள் இடம் கொடுப்பதால்தான்.

இவ்வினாவை நம் பழைய மெய்யியலாரும் எதிர்கொண்டனர். மணிமேகலைக் காப்பியத்தில் ஆசீவக சமயத்தான் கூறும் அணுக்கொள்கை, அணுக்கள் செறிவதால் வன்மை தோன்றும் என்று கொள்கிறது. அது உறவை நோக்கிய விளக்கமே எனினும், செறிவைக் கருதும் அளவுக்குப் பிணைப்பின் வகையைக் கருதவில்லை. வைசேடிகம் என்னும் தத்துவப் பிரிவினரோ, குணம் பொருளைப் பிரியாது சார்ந்திருக்கும் என்றும் (இச்சார்பே சமவாயம் எனப்படுவது), முழுமை உறுப்புகளினின்று வேறான தனிப்பொருள் என்றும் வாதிட்டனர். மென்மை தனி மூலக்கூறில் இல்லாமல் படிகத்திலேயே காணப்படுவதால் அவர்கள் தரப்பு ஓரளவு வலுப்பெறுகிறது. எனினும் கரைசலில் பிரிந்த மூலக்கூறுகள், கரைப்பான் நீங்கியதும் மீண்டும் சேர்ந்து அதே மென்மையைப் பெறும்போது, ஒரு பொருள் அழிந்து வேறொன்று பிறந்தது என்பதைவிட, ஓர் உறவு அறுந்து மீண்டது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.