செய்யச் சொல்லி வாங்கும் வண்டி



தியாகதுருகத்தில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு தகப்பனாரும் மகனும் நம்மை நிறுத்தி மஸ்அலா ஒன்று கேட்டார்கள். மகன் வளைகுடாவில் பாடுபட்டுச் சம்பாதித்துத் திரும்பியவர். சென்னையில் ஒரு கார் ஏஜென்ஸியில் வேக வண்டி ஒன்றுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கடையில் நிற்கும் வண்டியல்ல. இன்ன என்ஜின், இன்ன நிறம், இன்ன தோல் இருக்கை, இன்ன சக்கரம் என்று இவர் குறித்துக் கொடுத்தபின், வெளிநாட்டுத் தொழிற்சாலை இவருக்கென்றே செய்து அனுப்பும். அச்சாரம் கட்டியாயிற்று, வண்டி வரப் பல மாதங்கள் ஆகும்.

"கையில் இல்லாததை விற்கக் கூடாது என்று ஓதியிருக்கிறோமே ஹஜ்ரத், இந்த வியாபாரம் கூடுமா?" என்பது தகப்பனாரின் கேள்வி. "நடுவில் வேண்டாமென்றால் அச்சாரம் திரும்ப வராது என்று எழுதியிருக்கிறது, அந்தப் பணம் அவர்களுக்கு ஹலாலாகுமா?" என்பது மகனின் கேள்வி. இரண்டும் நல்ல கேள்விகள். வண்டி வந்து நின்றபின் கேட்காமல் வருமுன் கேட்டார்களே, அதற்கே துஆச் செய்தோம்.

முதலில் தகப்பனாரின் கேள்வியைப் பார்ப்போம். தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாமென்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது உண்மை. ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள், தச்சுத் தெரிந்த பணியாளை வைத்திருந்த அன்சாரிப் பெண்மணி ஒருவரிடம் ஆளனுப்பி, மக்களிடம் பேசும்போது அமர்வதற்கு மிம்பர் செய்து தரச் சொன்னார்கள். அரசர்களுக்கு எழுதும் கடிதங்களில் முத்திரையிட வெள்ளி மோதிரம் ஒன்றைத் தம் திருப்பெயர் பொறித்துச் செய்வித்தார்கள். மிம்பரும் மோதிரமும் சொன்ன பிறகுதான் உருவாயின. இப்படிச் செய்யச் சொல்லி வாங்குவதற்கு பிக்ஹில் இஸ்திஸ்னா என்று பெயர். ஹனபி இமாம்கள் மக்களின் தேவையையும் நீண்ட வழக்கத்தையும் கண்டு இதனை அனுமதித்தார்கள். ஹிதாயாவில் ஸலம் பற்றிய பாடத்தில் இது பேசப்படுகிறது. ஷாபிஈ மத்ஹபில் இதனை ஸலத்தின் நிபந்தனைகளோடுதான் கூடுமென்பர். அதாவது ஒப்பந்தம் நடக்கும் அவையிலேயே முழுக் கிரயத்தையும் கொடுத்துவிட வேண்டும். கடற்கரை ஊர்களிலுள்ள நம் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இது நம் பக்கத்துக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் வில் வண்டி வேண்டுமென்றால் ஆசாரியிடம் போவார்கள். குடத்துக்கு இன்ன மரம், ஆரக்காலுக்கு இன்ன மரம், இருசு இவ்வளவு கனம், மேல் கூண்டு இப்படி என்று சொல்லி அச்சாரம் கொடுத்து வருவார்கள். அந்தக் காலத்து வேக வண்டி அதுதான்! மாடு ஓடும் வேகத்தையும் சேர்த்தே பெருமை பேசினார்கள் என்பது வேறு கதை.

இஸ்திஸ்னாவுக்கு உயிர் எது? பொருளின் இனம், தன்மை, அளவு, கிரயம், தவணை ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். முன்பணம் கொடுத்து வாங்குவோர் அளவையும் எடையையும் தவணையையும் அறிந்தே வாங்கட்டும் என்ற நபிமொழியின் கருத்து நமக்குத் தெரிந்ததே. தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. தொழுகைக்கும் நோன்புக்கும் கூட இவ்வளவு நீண்ட தனி வசனம் இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த உரைகல்லில் ஏஜென்ஸியின் படிவத்தைத் தேய்த்துப் பார்ப்போம். நிறமும் தோலும் மிகத் துல்லியமாக எழுதப்படுகின்றன. கிரயத்துக்கு வரும்போது, வண்டி கொடுக்கும் நாளில் உள்ள விலை என்று ஒரு வரி! மார்க்கப்படி இது வியாபாரமே ஆகவில்லை. பின்னால் வியாபாரம் செய்துகொள்வோம் என்ற வாக்குறுதி மட்டுமே. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜி.எஸ்.டி. மாறியபோது சிறிய கார்களுக்கு 18 சதவீதமும் பெரிய கார்களுக்கு 40 சதவீதமும் ஆயிற்று. இது போன்ற வரி மாற்றம் வாங்குபவர் கையிலும் இல்லை, விற்பவர் கையிலும் இல்லை. ஆகவே வண்டியின் விலை இவ்வளவு என்று முடித்துவிட்டு, அரசாங்க வரி அன்றுள்ளபடி என்று தனியே பிரித்து எழுதச் சொல்லுங்கள். சச்சரவு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

இனி மகனின் கேள்வி. செய்து முடித்த பொருளைப் பார்த்தபின் பிடிக்காவிட்டால் மறுக்கலாம் என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்து. சொன்னபடியே செய்திருந்தால் மறுக்க முடியாது என்றார்கள் இமாம் அபூயூஸுப் (ரஹ்). உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்ற சட்டத் தொகுப்பும், 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹ் மன்றமும் ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்றே முடிவு செய்தன. நம் மனமும் அதையே ஒப்புகிறது. ஒருவர் தம் ஆசைக்கென்று செய்யச் சொன்ன நிறமும் தோலும் வேறு யாருக்குப் பிடிக்கும்? ஆசாரி மரத்தை அறுத்த பிறகு வண்டி வேண்டாமென்பது அவர் வயிற்றில் அடிப்பதாகும்.

ஆனால் ஏஜென்ஸிக்கும் இது முழுச் சாதகமன்று. வாங்காவிட்டால் அச்சாரம் போய்விடும் என்ற நிபந்தனைக்கு உர்பூன் என்று பெயர். ஹனபி, மாலிகி, ஷாபிஈ மத்ஹபுகள் அதைத் தடுக்கின்றன. ஹன்பலி மத்ஹபு அனுமதிக்கிறது. உமர் (ரலி) அவர்களுக்காக மக்காவில் சிறைச்சாலைக்கு வீடு வாங்கப்பட்ட நிகழ்ச்சியை அவர்கள் ஆதாரம் காட்டுவர். 1993இல் அந்தப் பிக்ஹ் மன்றம், காலவரை குறிப்பிட்டிருந்தால் கூடுமென்றது. நாம் சொல்வது இதுதான்: தொழிற்சாலையில் வேலை தொடங்கவே இல்லை, ஏஜென்ஸிக்கு ஒரு காசும் நஷ்டமில்லை என்றால், திருப்பிக் கொடுப்பதே பேணுதல். நஷ்டம் உண்டென்றால் அந்த அளவை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். வாங்கி வருந்துகிறவரை விடுவிக்கும் வியாபாரியின் சறுக்கலை அல்லாஹ் மறுமையில் மன்னிப்பான் என்ற நற்செய்தி உண்டு. ஏஜென்ஸிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் முதலாளியிடம் இதை எடுத்துச் சொல்லலாமே!

செய்பவரே நிறுத்திவிட்டால் என்ன? கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனமும் டாடாவும் கூடி 2018 அக்டோபரில் டியாகோ, டிகோர் கார்களை வேக வண்டிகளாக்கி ஜே.டி.பி. என்ற பெயரில் கொண்டுவந்தன. 2020இல் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் அவை தொடரவில்லை. இப்படி ஒரு வண்டி நின்றுபோனால், அதற்கு முன்பணம் கட்டியிருப்பவருக்குக் கட்டியது முழுவதும் சேர வேண்டும். பேசாத வேறு வண்டியை அவர் தலையில் கட்ட முடியாது. வண்டி தாமதமானால் இவ்வளவு குறைத்துக்கொள்வது என்று ஏஜென்ஸிக்கு நிபந்தனை போடலாம். வாங்குபவர் பணம் கட்டத் தாமதித்தால் கூட்டிக் கேட்பது மட்டும் கூடாது, அது வட்டியேயாகும்.

வட்டிக் கடனில் எடுப்பதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. கொடுப்பவர், வாங்குபவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் அனைவரும் சமம் என்பதை அறிந்தே இருக்கிறீர்கள். வட்டியில்லா வங்கி முறையை நாட்டில் கொண்டுவரும் யோசனையை ரிசர்வ் வங்கி 2017இல் கைவிட்டது என்பதும் ஹராமை ஹலாலாக்காது. வேக வண்டி நிர்ப்பந்தத் தேவையா என்ன?

வேறொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அதைக் கண்டு பயந்து, பக்கத்திலுள்ள புதுச்சேரியில் குடியிருப்பதாகப் பொய் முகவரி காட்டிப் பதிவு செய்கிறார்கள். 2017இல் கேரளத்தில் இது பெரிய விவகாரமாயிற்று. பொய் முகவரி என்பது பொய்ச் சாட்சியன்றி வேறென்ன? அதுபோலவே, சாதாரண வண்டியை வாங்கி வந்து வெளியே பட்டறையில் வேக வண்டியாக மாற்றுவதும் சட்டத்துக்கு உடன்பாடன்று. பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிற்சாலையிலேயே செய்யச் சொல்வது அந்த வகையில் நேர்மையானதுதான்.

வேகம் தன்னளவில் குற்றமா? இல்லை. நாயகம் (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். மெலிய வைத்துப் பழக்கிய குதிரைகளுக்கு ஹப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை. பழக்காதவற்றுக்கு அங்கிருந்து பனூஸுரைக் பள்ளி வரை. வலுவுக்கேற்ற தூரமும் தனியிடமும் வகுத்தார்கள் என்பதைப் பாருங்கள். இன்றைக்கு இருங்காட்டுக்கோட்டையில் பந்தய மைதானம் இருக்கிறது. நம் ஊரைத் தொட்டுச் செல்லும் உளுந்தூர்பேட்டை–சேலம் சாலை அதற்கானதன்று. அதில் கரும்பு வண்டி போகிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை சைக்கிளில் போகிறது.

குதிரை ஒருவருக்கு நன்மை, ஒருவருக்கு மறைப்பு, ஒருவருக்குப் பாவச்சுமை என்று மூன்றாகப் பிரித்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். பெருமைக்கும் காட்சிக்கும் கட்டி வைத்தவருக்கே சுமை. அவர்களுடைய அள்பா என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. கிராமத்து அரபி ஒருவரின் ஒட்டகம் ஒருநாள் முந்தியது. ஸஹாபாக்களுக்கு மனம் வருந்தியது. உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் தாழ்த்தியே தீருவான் என்று சொல்லி அமைதிப்படுத்தினார்கள்.

இன்னும் ஒன்று. 1983இல் மாருதிக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டி லட்சத்துக்கும் மேற்பட்டோர் காத்திருந்தார்கள். முதல் வண்டியின் சாவி டிசம்பர் 14ஆம் தேதி கொடுக்கப்பட்டது. அந்த நாட்களில் பதிவுச் சீட்டையே பிரீமியம் வைத்து விற்றார்கள். ஸ்கூட்டருக்கும் இப்படித்தான் நடந்தது. இன்றும் கிடைக்காத வண்டிகளுக்கு அந்த ஆசை எழுகிறது. வண்டி கைக்கு வருமுன் லாபம் வைத்து இன்னொருவருக்கு விற்பது கூடாது. ஏஜென்ஸி சம்மதித்தால், கட்டிய தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுக்கலாம்.

ஜகாத்தையும் அந்தத் தகப்பனார் கேட்டார். சொந்தமாக ஓட்டும் வண்டிக்கு ஜகாத் இல்லை. குதிரைக்கு இல்லையென்பது போலத்தான். கிரயம் முடிவாகிக் கிரயத்தில் ஒரு பகுதியாகக் கொடுத்துவிட்ட பணம் வாங்குபவருடையதன்று. ஆனால் விலை முடியாத வெறும் பதிவுக்காகக் கட்டி, கேட்டால் திரும்பக் கிடைக்கும் முன்பணம் இன்னும் அவர் பணமே. வருடம் நிறைந்தால் அதையும் கணக்கில் சேர்த்து நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும்.