தெளிவு போகும்போது யார் சொல் செல்லும்?

கல்லீரல் சுருக்க நோய் முற்றியவருக்கு மருந்துமுறையைக் கற்பிப்பதில் ஓர் அறச்சிக்கல் உண்டு. கற்க வேண்டிய மனத்தையே அந்த நோய் அவ்வப்போது கலைத்துவிடுகிறது. குடலில் உண்டாகும் அம்மோனியாவைப் பழுதுபட்ட கல்லீரலால் அகற்ற முடியாதபோது அது மூளையைத் தாக்குகிறது. பெரும்பாலும் முதலில் தூக்கம் தடம் மாறும். பகலெல்லாம் உறக்கம், இரவில் விழிப்பு. பிறகு மறதியும் குழப்பமும் வரும்.

இதைத் தடுக்கத் தரும் லாக்டுலோஸ் சிரப்புக்கு எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. நாளுக்கு 2, 3 முறை மலம் இளகிப் போகும்படி அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கு நோயாளியின் கையில். ‘பேதியாகிறது’ என்று அவர் நிறுத்திவிட்டால், நிறுத்தியது சரியா என்று யோசிக்கும் திறனும் சில நாளில் மங்கக்கூடும். தூக்கம் வரவில்லையே என்று தூக்க மாத்திரை போட்டுக்கொண்டால் குழப்பம் இன்னும் முற்றும்.

நோயாளியின் முடிவே முடிவு என்னும் இன்றைய மருத்துவ அறவியல், பொதுவாக நிலையான மனம் ஒன்று இருப்பதாகவே தொடங்குகிறது. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. நினைவாற்றல், சொன்னபடி கேட்டல், அஞ்சாமை, நோயை எடுத்துரைத்தல் ஆகிய நான்கையும் நோயாளியிடம் இருக்க வேண்டிய குணங்களாக அது எண்ணுகிறது. இந்த நோய் பறிப்பது அவற்றில் முதலாவதை. குறளின் ‘மருந்து’ அதிகாரமும் சரகரும் உடனிருந்து கவனிப்பவரையும் சிகிச்சையின் ஓர் உறுப்பாகவே வைத்தது இங்கே பொருத்தமாகிறது.

சொன்னபடி கேட்டல் மட்டும் போதாது. ‘கல்லீரலுக்குப் பாராசிட்டமால் ஆகாது’ என்று அரைகுறையாகக் கேட்டவர், வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவார். சிறுநீரகத்தைக் கெடுப்பதும் இரத்தக்கசிவைத் தூண்டுவதும் அதுதான். பாராசிட்டமாலையோ மருத்துவர்கள் பொதுவாக நாளுக்கு 2 கிராமுக்குள் அனுமதிக்கிறார்கள். காரணம் தெரிந்தால்தான் விலக்கும் விளங்கும்.

நோயாளியின் மனம் தடுமாறும் என்பதற்காகக் குடும்பத்தாரிடம் மட்டும் பேசிவிடுவது இன்னொரு தவறு. நோயாளி எதிரே உட்கார்ந்திருக்க, மகனைப் பார்த்து மருந்து சொல்வது நம் ஊரில் சாதாரணம். குடியால் வந்த நோயென்றால் வீட்டாரின் கோபமும் சேர்ந்துகொள்ளும். குழப்பமோ வந்து போவது. தெளிவான நாளில் அவரிடமே கேட்டுவைக்கலாம்: தடுமாறினால் யார் சிரப்பு கொடுப்பது, எப்போது மருத்துவமனைக்குக் கொண்டுபோவது? பின்னர் குழம்பிய நிலையில் அவர் மறுத்தால், முன்பு சொன்னதே அவருடைய சொல். தெளிந்த மனத்தோடு, விளைவறிந்து மறுத்தால் அந்த மறுப்பும் அவருடையதே. வீட்டார் வற்புறுத்தலாம், ஏமாற்றிப் புகட்டக் கூடாது.