ஊர்க் கட்டுப்பாடு எதுவரை?

குற்றப் புலனாய்வுத் தொடரில் ஊர்ப் பஞ்சாயத்து வந்துவிட்டால் அடுத்த காட்சி பார்ப்பவருக்கே தெரிந்துவிடும். ஆலமரத்தடியில் பெரியவர்கள், தலைகுனிந்து நிற்கும் ஒரு பெண், பிறகு நகரத்திலிருந்து வரும் நேர்மையான அதிகாரி. வழக்கம் தோற்கும், சட்டம் வெல்லும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள மீனவக் குப்பங்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. வரி வாங்கித் திருவிழா நடத்துவதும், கடல் தகராறைத் தீர்த்துவைப்பதும் அங்கே ஊர் நிர்வாகத்தின் வேலை. ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு ஒதுக்கிவைக்கும் வலிமையும் அதே நிர்வாகத்துக்கு உண்டு. முதலாவதை மதிக்கிறவர் இரண்டாவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு அதிகாரங்கள்.

பஞ்சாயத்தின் நியாயம் கடலிலிருந்து வருகிறது. கடலுக்கு வேலியும் கிடையாது, பட்டாவும் கிடையாது. ஒரு விசைப்படகு பைபர் படகின் வலையை அறுத்துக்கொண்டு போனால், புகார் கொடுத்து வழக்கு முடியும்வரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? இரண்டு ஊர் நிர்வாகிகள் உட்கார்ந்து பேசினால் வலைக்கு ஈடு சீக்கிரம் கிடைக்கும். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைக்குத் தமிழக அரசு 2000இல் தடை விதித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால அனுமதி தந்தது. இத்தனைக்குப் பிறகும் அந்த வலையை வைத்து மீனவர்களுக்குள் நடக்கும் சண்டை ஓயவில்லை. காகிதத்தில் எழுதிய தடை கடலில் தானாக நடந்துவிடாது, அதைக் கண்காணிக்க ஊர்களின் கண் வேண்டும். அதோடு, எண்ணூர் மக்கள் சட்டத்தின் மேல் நம்பிக்கை இழக்கக் காரணங்கள் இருக்கின்றன. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையில் படிந்தது. 2023 டிசம்பரில் கொசஸ்தலையாற்றில் மறுபடியும் எண்ணெய் கலந்தது. அதே மாதம் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அமோனியா கசிந்தது. இப்படிப்பட்ட நேரங்களில் மக்களைத் திரட்டுவதும் இழப்பீடு கேட்பதும் ஊர் நிர்வாகம்தான். இதைக் கட்டப்பஞ்சாயத்து என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அநியாயம்.

ஆனால் ஊர் விலக்கு என்பது என்ன? கடையில் சாமான் கொடுக்கக் கூடாது. படகில் ஆள் ஏறக் கூடாது. பிடித்துவந்த மீனை யாரும் ஏலம் எடுக்கக் கூடாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகக் கூடாது. மீறிப் பேசுகிறவருக்கும் தண்டம். தவறு செய்தவர் ஒருவர், தண்டனையோ தாய்க்கும் மனைவிக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் சேர்த்து விழுகிறது. அவர்களில் யாரும் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் அல்லர். தலைக்கட்டு என்றால் ஆண், வரி கட்டுகிறவருக்கே பேச்சு என்ற ஏற்பாட்டின் விளைவை 2004 சுனாமி வெளிப்படுத்தியது. நிவாரணப் பட்டியல் பஞ்சாயத்து வழியாகத் தயாரான கடலோர ஊர்கள் பலவற்றில், கணவனை இழந்து தனித்து நின்ற பெண்கள் விடுபட்டுப் போனார்கள். இதைவிடக் கொடியது, ஊரை மீறி ஸ்டேஷனுக்குப் போனதையே குற்றமாக்கி ஒதுக்கிவைப்பது. மேல்முறையீட்டின் கதவை அடைத்துவிட்ட தீர்ப்பு எவ்வளவு பழையதாக இருந்தாலும் அதை நீதி என்று சொல்ல முடியாது.

ஒதுக்கிவைக்கும் பயம் போய்விட்டால் ஊருக்கு யார் கட்டுப்படுவார் என்று கேட்பார்கள். கேள்வியில் கனம் இருக்கிறது. ஆனால் கடலில் செய்த தவறுக்குக் கடல் அளவிலேயே பரிகாரம் உண்டு: அறுத்த வலைக்கு ஈடு, தடைசெய்த வலையைக் கரையேற்றுவது, மீன்வளத் துறைக்குத் தெரிவிப்பது. குழந்தைக்குப் பால் கிடைக்காமல் செய்துதான் கடலைக் காக்க முடியும் என்பது உண்மையல்ல. சட்டம் வெளியாருடையது என்பதும் முழு உண்மையல்ல. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தைக் கெடுத்தபோது எண்ணூர் மீனவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2022இல் அது மின்வாரியத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. மின்வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பாயத்தின் படியேறலாம், பஞ்சாயத்துக்கு எதிராக ஏறக் கூடாது என்று சொல்ல ஒரு ஊருக்கு என்ன உரிமை இருக்கிறது?

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்துகளைச் சட்டவிரோதம் என்றது. மகாராஷ்டிரா 2016இல் சமூக விலக்குக்கு எதிராகத் தனிச்சட்டம் இயற்றி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை வைத்தது. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியலினத்தார், பழங்குடியினர் மீதான புறக்கணிப்பைக் குற்றமாக்குகிறது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கும் மீனவருக்குள் நடக்கும் விலக்குக்கு அது உதவாது. தனிச்சட்டம் வந்தால், விலக்கை அறிவிப்பவரையும் அதைக் காட்டித் தண்டம் வசூலிப்பவரையும் மட்டும் அது பிடிக்க வேண்டும். வலைக்கும் கடலுக்கும் ஊர் வகுக்கும் விதிகளைத் தொடக் கூடாது. ஊர்களும் தங்கள் பங்குக்கு, காசிமேட்டுக் கரையில் மீனை விலைபேசி வாங்கித் தெருத்தெருவாய்ச் சுமந்து விற்றுக் குடும்பம் காக்கும் பெண்களைக் கூட்டத்துக்குள் உட்காரவைக்க வேண்டும். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அடுத்த ஊர்க்கூட்டத்திலேயே செய்யலாம்.